இரவல் கோல்கீப்பர்

ஹார்லன் க்ரீக் கால்பந்து கிளப்பில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு மூன்று அணிகள் இருந்தன. நீலம், வெள்ளை, சாம்பல். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னால் பிள்ளைகளின் மனம் நோகும் என்று நிறத்தால் பெயர் வைத்திருந்தார்கள். எந்த நிறம் எத்தனையாவது என்பது அந்த ஊரில் பாலர் பள்ளிக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ப்ரிட்டா சாம்பல் அணியின் கோல்கீப்பர். பதின்மூன்று வயதுக்கு அதிக உயரம். நடக்கும்போது அந்த உயரத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொள்வாள். கோலுக்குள் நிற்கும்போது மட்டும் அந்தக் குறுகல் இருக்காது.

நீல அணிக்குச் செயற்கைப் புல் மைதானம், நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம். வெள்ளை அணிக்கு அதை ஒட்டிய புல் மைதானம். சாம்பல் அணிக்கு நடுநிலைப் பள்ளியின் பின்புறத்தில், மழைத் தண்ணீர் தேங்கும் குட்டைக்கு மேலே, ஒரு பக்கம் சரிந்த நிலம். அங்கே கனடா வாத்துகள் மேய்ந்து எச்சமிட்டு வைத்திருக்கும். பயிற்சி தொடங்கும் முன் பெண்கள் பிளாஸ்டிக் தட்டுகளால் அதை வழித்தெடுத்துக் குட்டையோரம் வீசுவார்கள். வெளியே போகும் பந்து குட்டையில்தான் விழும். மூன்று அணிக்கும் பெற்றோர் கட்டிய கட்டணம் ஒன்றேதான். இதைப் பற்றி முதல் வருடம் சில அம்மாக்கள் கேட்டார்கள். அப்புறம் கேட்கவில்லை.

அவர்களின் கோச் கோல்ட்டன் இருபது வயதுப் பையன், தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவன். நல்லவன்தான். ஆனால் நீல அணிக்கு ஆள் குறையும்போதெல்லாம் அவனுக்கு அழைப்பு வரும். பயிற்சியின் நடுவே கைப்பேசியைப் பார்ப்பான், விசிலை யாரிடமாவது கொடுப்பான், "அப்படியே ஆடிட்டு இருங்க, வந்துடறேன்" என்று காரில் ஏறுவான். பெரும்பாலும் வர மாட்டான்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை, கிளப்பின் தலைமைக் கோச் கேரத் அந்தச் சரிவு மைதானத்துக்கு வந்தார். இங்கிலாந்துக்காரர். அந்த வருடம் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் முறை. கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார்.

"ஏய், கேரத் வந்திருக்காருடி. நம்மளைப் பாக்க!" என்றாள் மேடி. அணியின் நடு ஆட்டக்காரி அவள்.

"வழி தெரியாம வந்திருப்பாரு," என்றாள் கலியா.

கலியா அந்த அணியிலேயே குள்ளம், அதிக வேகம், அதிக வாய். லாவோஸிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய ஹ்மாங் குடும்பத்துப் பெண். மூன்றாம் வகுப்பிலிருந்து ப்ரிட்டாவின் சிநேகிதி. வாயில் அப்படிச் சொன்னாளே தவிர, அடுத்த பந்துக்கு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். எல்லாருமே அன்று அப்படி ஓடினார்கள். வழக்கமாகச் சண்டை போடுகிறவர்கள்கூட ஒருவருக்கொருவர் பந்தைத் தள்ளினார்கள். தலைமைக் கோச் பத்து நிமிடம் பார்த்தார். அவர் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு கோல் கம்பத்தின் பக்கம்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு கோல்ட்டனிடம் கேட்டார். "கீப்பர் பேரு என்ன?"

வெள்ளை அணியின் கீப்பருக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராக்ஃபோர்டில் போட்டி, மூன்று மணி நேரப் பயணம். ஒரு கீப்பர் வேண்டும்.

"என்ன கண்ணு, வர்றியா?" என்றார் கேரத். எல்லாப் பெண்களையும் அவர் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அதில் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை இல்லை.

ப்ரிட்டாவுக்குக் காது சூடாகிவிட்டது. "சனிக்கிழமை எங்களுக்கும் மேட்ச் இருக்கு, கோச்."

"அதுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம். நீ கவலைப்படாதே."

அந்த ஏற்பாடு கலியாதான். அவர் போனதும் அவளே கையைத் தூக்கினாள். "நான் நிக்கறேன் கோல்ல."

"நீ எவ்ளோ உயரம்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் மேடி.

"தெரியும். பந்தெல்லாம் தலைக்கு மேல போயிடும். எனக்கு அடியே படாது."

எல்லாரும் சிரித்தார்கள். ப்ரிட்டா பையிலிருந்து பழைய கையுறைகளை எடுத்துக் கொடுத்தாள். மோதிர விரல் பக்கம் தையல் விட்டிருந்தது. கலியாவின் கை அதற்குள் தொலைந்துபோனது.

"போ, போய் நல்லாப் பிடி," என்றாள் கலியா. "வாரத்துக்கு நாப்பது பந்து உன்மேல வந்து விழுது. அவங்க கீப்பருக்கு வருஷத்துக்கே அவ்ளோ வராது. சாம்பல்ல இருந்து ஒருத்தி வந்தா எப்படி இருக்கும்னு காமிச்சுட்டு வா."

ப்ரிட்டாவின் அம்மா ஜனெல் முதியோர் இல்லத்தில் உதவியாளர். வார இறுதியில்தான் அவளுக்கு நீண்ட ஷிஃப்ட். "என்னால வர முடியாது, ப்ரிட். ஆனா நீ போகணும். அவங்களா வந்து கேட்டிருக்காங்க பாரு," என்றாள். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ப்ரிட்டா ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

*

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் திருமதி சான்ட்விக்கின் வேனில் ஏறினாள். அவர் வெள்ளை அணியில் ஆடும் ஒருத்தியின் அம்மா. பின்னால் நான்கு பெண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"நீதான் புது கீப்பரா?"

"ஆமா. ப்ரிட்டா."

"சரி சரி," என்றாள் ஒருத்தி, நட்பாகத்தான். பிறகு அவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். டைலர் என்ற யாரோ ஒரு பையனைப் பற்றி, போன வருடம் ஏதோ ஓட்டல் லிஃப்டில் நடந்ததைப் பற்றி. 'லிஃப்ட்' என்று ஒருத்தி சொன்னாலே போதும், நான்கு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ப்ரிட்டாவும் முதல் முறை கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் அது பொருத்தமாகப் படவில்லை. ஜன்னலோரம் வெட்டி முடித்த சோள வயல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஓட்டலில் ஓர் அறைக்கு ஐந்து பேர். இரண்டு கட்டிலில் நான்கு பேர், ப்ரிட்டாவுக்கு மடக்குக் கட்டில். அதைக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் போட இடமிருந்தது. அந்தப் பெண்கள் யாரும் அவளைக் கேவலமாக நடத்தவில்லை. அதை அவளே பிறகு பல முறை நினைத்துப் பார்த்தாள். யாராவது ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். "எக்ஸ்க்யூஸ் மீ" என்று அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மைதானத்தில் பனி புகைந்துகொண்டிருந்தது. கோல்ட்டனும் அங்கே இருந்தான், பந்துப் பைகளோடு. அவனைக் கண்டதும் ப்ரிட்டாவுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடியே உறைத்தது.

"கோச், நீங்க இங்க இருக்கீங்களே. அப்ப நம்ம மேட்சுக்கு?"

"யாரோ ஒரு அம்மா பாத்துக்கறாங்க," என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ப்ரிட்டா, ஒரு சின்ன மாற்றம். ஸ்லோன் வந்திருக்கா."

ஸ்லோன் நீல அணியின் இரண்டாவது கீப்பர். கோல் வாய்க்கு முன்னால் ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வு இருக்கிறதாம். அதற்கு முன்னால் நிறைய ஆட்டம் ஆட வேண்டும் என்று நேற்று மாலைதான் கேரத் முடிவு செய்தாராம்.

"அப்ப நான்?"

"நீ ரெடியா இரு. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான்."

ப்ரிட்டா ரெடியாக இருந்தாள். எண் இல்லாத ஒரு ஜெர்சி கொடுத்தார்கள். திருமதி சான்ட்விக் அதன் முதுகில் வெள்ளை டேப்பால் முப்பத்தொன்று என்று ஒட்டினார். முதல் ஆட்டம் முழுக்க முழங்காலை ஆட்டிக்கொண்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்லோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று ஒரு கணம் தான் நினைத்ததை உணர்ந்ததும் சட்டென்று கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள்.

ஊரில் சாம்பல் அணியின் ஆட்டம் பத்து மணிக்கு. பத்துக்கு ஐந்து இருக்கும்போது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பழைய கையுறைகளை மாட்டிக்கொண்டு கலியா கோல் நடுவில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறாள். மேல் கம்பத்துக்கும் அவள் தலைக்கும் நடுவே இன்னொரு கலியா நிற்கலாம். 'பயப்படு, உலகமே' என்று எழுதியிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேடியிடமிருந்து: '0-2.' பிறகு: '0-4. ரெண்டு பேர் வரலை. ஒன்பது பேர்தான் ஆடறோம்.'

அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் கலியாவிடமிருந்து ஒரே ஒரு எண் வந்தது.

'11.'

எதையோ தப்பாக அழுத்தி அனுப்பிவிட்டாள் என்றுதான் ப்ரிட்டா முதலில் நினைத்தாள்.

மதியம் இரண்டாவது ஆட்டத்தில் வெள்ளை அணி நான்குக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது. பத்து நிமிடம் மீதி. இப்போது கூப்பிடுவார்கள் என்று ப்ரிட்டாவுக்குத் தோன்றியது. கூப்பிட்டபின் கையுறை மாட்டித் தாமதம் பண்ணக் கூடாதென்று மாட்டிக்கொண்டு, எழுந்து போய் வெள்ளை அணியின் கோச்சுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் உக்காரும்மா. மறைக்குது."

அவள் போய் உட்கார்ந்தாள்.

அன்று மாலை எல்லாரும் ஓட்டல் நீச்சல் குளத்தில் இறங்கினார்கள். ப்ரிட்டா நீச்சல் உடை கொண்டுவரவில்லை. கொண்டுவரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கரையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் எல்லாருடைய துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே ஏதோ வேலையாக இருப்பது போல அது தெரிந்தது. அது அவளுக்கும் வசதியாக இருந்தது. கலியாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தாள். 'கஷ்டமா இருந்துச்சா?' என்று எழுதி அழித்தாள். 'நான் இங்க ஆடவே இல்லை' என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டம், பிறகு இறுதி ஆட்டம். இரண்டிலும் வென்றார்கள். கோப்பையோடு பெண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தி ஓடிவந்து ப்ரிட்டாவின் கையில் தன் கைப்பேசியைத் திணித்தாள். "ஒரு படம் எடுத்துத் தர்றியா, ப்ளீஸ்?"

ப்ரிட்டா எடுத்துக் கொடுத்தாள். மூன்று படம் எடுத்தாள், ஒன்றில் யாரோ கண்ணை மூடியிருந்ததால். அதற்குள் திருமதி சான்ட்விக், "அடடா, நீயும் போய் நில்லும்மா," என்றார். அவள் ஓரத்துக்குப் போவதற்குள் வரிசை கலைந்துவிட்டது. பதக்கம் மட்டும் அவளுக்கும் கிடைத்தது. பதினெட்டு கொடுத்திருந்தார்கள், பதினேழு பேர்தான் ஆடியிருந்தார்கள்.

*

வீட்டில் அம்மா வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் காத்திருந்தாள். கழுத்தில் பதக்கத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆடினியா?"

"ம்," என்றாள் ப்ரிட்டா.

அந்த 'ம்' வாயிலிருந்து தானாக விழுந்தது. விழுந்த பிறகு பொறுக்கி எடுக்க முடியவில்லை.

"எத்தனை மேட்ச்?"

"ரெண்டு."

"எத்தனை கோல் விட்டே?"

"ஒண்ணு."

அம்மா அவளை நிற்க வைத்துப் படம் எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பினாள். முதியோர் இல்லத்தில் தன்னோடு வேலை செய்பவர்களுக்கும் அனுப்பினாள்.

திங்கட்கிழமை பயிற்சிக்குக் கலியா வலது கையின் மோதிர விரலில் அலுமினியப் பட்டை கட்டி வந்திருந்தாள். தையல் விட்ட இடத்தில் பந்து பட்டு விரல் பின்னால் மடங்கிவிட்டதாம்.

"உடைஞ்சிருச்சா?" என்றாள் ப்ரிட்டா.

"சும்மா பிசகிருக்கு. அதை விடு. நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?"

எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள். பதினொரு கோல் வாங்கியவர்கள். அதில் ஒருத்திகூட அதைப் பற்றிப் பேசவில்லை. ஏதோ நல்ல செய்திக்காகக் காத்திருந்தார்கள். தான் உட்கார்ந்திருந்தேன் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் அந்தப் பதினொரு கோலும் எதற்கு, கலியாவின் விரல் எதற்கு?

"நல்லா இருந்துச்சு," என்றாள். "ரெண்டு மேட்ச் ஆடினேன். ஒரு பெனால்டி பிடிச்சேன்."

மேடி கத்திய கத்தலில் குட்டையிலிருந்த வாத்துகள் எழுந்து பறந்தன. கலியா நல்ல கையால் அவள் முதுகில் ஓங்கித் தட்டினாள். "பாத்தியா? பாத்தியா? நான் சொல்லலை? எந்தப் பக்கம் அடிச்சா?"

"இடது பக்கம்."

"அப்படியே பாஞ்சியா?"

"ம்."

கொஞ்சம் தள்ளிக் கூம்புகளை நட்டுக்கொண்டிருந்த கோல்ட்டன் நிமிர்ந்தான். அவன் கண்ணும் ப்ரிட்டாவின் கண்ணும் சந்தித்தன. அவன் குனிந்து, நேராக இருந்த கூம்பை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு அவன் அருகே வந்தான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீங்க அன்னிக்கு கேரத்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கலாம், கோச்."

கோல்ட்டன் கார்ச் சாவியை விரலில் சுற்றினான். "சொல்லியிருக்கலாம்தான். அடுத்த வருஷம் எனக்கு வெள்ளை டீம் தர்றதா சொல்லியிருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் மேல போகணும், ப்ரிட்டா," என்றான்.

அந்த வாரம் முழுக்க ப்ரிட்டா எங்கே போனாலும் அந்தப் பெனால்டியும் கூடவே வந்தது. பள்ளிச் சாப்பாட்டு மேசையில் மேடி அதை அறிமுகமில்லாத ஒருத்திக்குச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பந்தின் வேகம் கூடிக்கொண்டே போனது. எல்லாரும் அவளை இவ்வளவு பிரியமாகப் பார்த்தது அதற்கு முன்னால் இல்லை. அந்தப் பிரியத்துக்கு நடுவில் அவள் தன்னந்தனியாக உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். ராக்ஃபோர்டின் பெஞ்சே இதைவிடத் தேவலை என்று தோன்றியது. அங்கே அவளைப் பற்றி யாரும் தப்பாக எதையும் நம்பவில்லை.

*

சனிக்கிழமை ஆட்டம் இல்லை. ப்ரிட்டா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சந்தைக்குப் போனாள். கலியாவின் குடும்பம் அங்கே காய்கறி விற்கும். அவளுடைய அம்மா பின்னால் வேனிலிருந்து பூசணிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கலியா மேசைக்குப் பின்னால் ஒரு கையால் வெங்காயத் தாளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, காய் வாங்க வந்தியா?"

"நான் ஆடலை," என்றாள் ப்ரிட்டா.

"என்ன?"

"ராக்ஃபோர்ட்ல. ஒரு நிமிஷம்கூட ஆடலை. நீல டீம்ல இருந்து ஸ்லோன் வந்துட்டா. நாலு மேட்சும் பெஞ்சுல உக்காந்திருந்தேன். பெனால்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

ஒரு கிழவர் வந்து பட்டாணி கேட்டார். கலியா நிறுத்துப் போட்டு, பையைக் கொடுத்து, நன்றி சொன்னாள். அவர் போகும்வரை ப்ரிட்டாவின் பக்கம் திரும்பவில்லை.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"உன் விரலைப் பாத்தேன். நான் ஆடியிருந்தா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்ல."

"லூசு," என்றாள் கலியா. "நீ ஆடினாலும் ஆடாட்டியும் வலி அதேதான்."

மறுபடி வெங்காயத் தாளை எடுத்தாள். ஒரு கையால் ரப்பர் வளையத்தை மாட்ட முடியவில்லை. ப்ரிட்டா பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். கலியா கட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"பதினொண்ணுல எது ரொம்ப வலிச்சுதுன்னு தெரியுமா? ஏழாவது. அதுல கை வெச்சுட்டேன்டி. நிஜமா கை வெச்சேன். விரல் அப்பதான் மடங்குச்சு. கையில பட்டு உள்ள போச்சு. அந்தப் பக்கத்து அம்மாக்கள் எல்லாம் பாவம்னு எனக்குக் கை தட்டினாங்க." அவள் ரப்பர் வளையத்தை மேசைமேல் போட்டாள். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ப்ரிட்டா இந்நேரம் அங்க பறந்துட்டு இருப்பான்னு நினைச்சுக்கிட்டேன்."

ப்ரிட்டா அழுதாள். கலியா அழவில்லை.

"நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு," என்றாள். "நான் சொல்ல மாட்டேன். இப்ப போ, ஆளுங்க வர்றாங்க."

திங்கட்கிழமை ப்ரிட்டா சொன்னாள். எல்லாரையும் நிற்க வைத்து, தரையைப் பார்த்து, வேகமாகச் சொல்லி முடித்தாள். ஒருத்தி "பரவால்ல," என்றாள். அன்றிலிருந்து மேடி அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் பேசினார்கள், ஆனால் அளந்து பேசினார்கள். கலியா வழக்கம்போல வாயடித்தாள். ஆனால் பயிற்சி முடிந்ததும் ப்ரிட்டாவுக்காகக் காத்திருக்காமல் சைக்கிளை எடுத்தாள்.

*

அக்டோபர் கடைசி வாரத்தில் கேரத் வீட்டுக்கே ஃபோன் செய்தார். அம்மா சமையல் மேடைமேல் கைப்பேசியை வைத்து, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சனிக்கிழமை வெள்ளை டீமுக்கு ஒரு கீப்பர் வேணும், கண்ணு. இந்தத் தடவை கண்டிப்பா ஆடறே. போன தடவை உன்னை இறக்க முடியாமப் போச்சு, ஸாரி."

அம்மா சட்டென்று மகளைப் பார்த்தாள். ப்ரிட்டா கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை எங்களுக்கு மேட்ச் இருக்கு, கோச்."

"சாம்பல் டீம் மேட்ச்தானே?"

"ஆமா. அதுதான்."

"இது உனக்கு நல்ல சான்ஸ். எல்லாருக்கும் கிடைக்காது."

"தெரியும். வரலை. தேங்க்ஸ், கோச்."

"சரி, உன் இஷ்டம்," என்றார். கோபமாகக்கூட இல்லை. அவர் அடுத்த பெயரைத் தேடத் தொடங்கிவிட்டது குரலிலேயே தெரிந்தது.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இறக்கவே இல்லையா உன்னை?"

"இல்லைம்மா."

"நான் எல்லாருக்கும் படம் அனுப்பிட்டேனே, ப்ரிட்."

"தெரியும்."

அம்மா இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். திட்டுவாள் என்று ப்ரிட்டா நின்றாள். "சரி, அனுப்பினது அனுப்பினதுதான்," என்றாள் அம்மா கடைசியில். "அந்த ரெண்டு நாளும் தனியாவா இருந்தே? எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"நீ வேலைல இருப்பேன்னு..."

அம்மா எழுந்து போய் மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்கு ப்ரிட்டா குனிய வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மழையும் பனியும் கலந்து பெய்தது. சாம்பல் அணியில் பதினொரு பேர் வந்திருந்தார்கள், மாற்றுக்கு யாரும் இல்லை. கோல்ட்டன் இடைவேளையோடு கிளம்பிவிட்டான். நடுவராக வந்தவனுக்கே பதினைந்து வயதுதான் இருக்கும், உதடு நீலம் பாரித்து நின்றான். மைதானத்தோரம் மூன்று குடைகள். அதில் ஒன்று ஜனெலுடையது. பாதி ஷிஃப்டை யாரிடமோ மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

விரலில் பட்டை கட்டிய கலியா முதல் பாதியில் ஒரு கோல் போட்டாள். பிறகு எதிரணி இரண்டு போட்டது. கடைசி நிமிடங்களில் அவர்களின் உயரமான ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். ப்ரிட்டா முன்னால் ஓடி, சேற்றில் சறுக்கி, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எழுந்தபோது பக்கத்தில் மேடி மூச்சு வாங்க நின்றாள்.

"நல்லாப் பிடிச்சே," என்றாள் மேடி. மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினாள்.

ஒன்றுக்கு இரண்டு. தோற்றார்கள். கிளப்பிலிருந்து யாரும் வராததால் வலைகளை அவர்களே அவிழ்த்துச் சுருட்டினார்கள். ஈர வலை ரொம்பக் கனம். ஒரு முனையை ப்ரிட்டாவும் மறுமுனையைக் கலியாவும் பிடித்தார்கள்.

"அவரு உன்னை மறுபடி கூப்பிட்டாராமே?" என்றாள் கலியா.

"யாரு சொன்னா?"

"உங்கம்மாதான் எங்கம்மாகிட்ட சொல்லிட்டிருந்தாங்க. போயிருக்கலாம்ல, லூசு."

"போகப் பிடிக்கலை."

கலியா வலையை இன்னொரு மடிப்பு சுருட்டினாள். "அவங்களுக்கு ரெண்டு டீம் போதும்டி. நாம எதுக்குன்னே அவங்களுக்குத் தெரியலை," என்றாள்.

நவம்பரில் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வசந்த காலத்தில் இந்த வயதுப் பிரிவுக்குச் சாம்பல் அணி இருக்காது என்றும், போதிய ஆர்வம் இல்லாததே காரணம் என்றும், இதுவரை ஆடிய எல்லாருக்கும் நன்றி என்றும் எழுதியிருந்தது. கீழே வெள்ளை அணியின் புதுப் பட்டியல். ப்ரிட்டாவின் பெயர் அதில் இல்லை. கோச் என்ற இடத்தில் கோல்ட்டனின் பெயர் இருந்தது.

ப்ரிட்டா கலியாவுக்கு ஃபோன் செய்தாள். கலியா ஏற்கெனவே பார்த்திருந்தாள். பள்ளியின் ஓட்டப் பந்தய அணியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். "அதுல பந்தே இல்லை. யாரும் கோல் போட முடியாது," என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றது. ஆனால் இருவரும் உடனே ஃபோனை வைக்கவில்லை. கலியாவின் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் பனி கரைந்ததும் நகரப் பூங்காத் துறை நடத்தும் லீக்கில் ப்ரிட்டா பெயர் கொடுத்தாள். அங்கே தேர்வு கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். முதல் சனிக்கிழமை தானே சைக்கிளில் போனாள். ஆணும் பெண்ணுமாகப் பதினான்கு பேர், ஒருவரையும் தெரியாது. எல்லாருக்கும் பெரிதாக இருந்த ஆரஞ்சு பனியன். கோச் என்று வந்தவர் தபால்காரர், வாழ்நாளில் கால்பந்து ஆடியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கையிலிருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராக, தப்புத் தப்பாக, பொறுமையாகப் படித்தார்.

"கோல்ல யாரு நிக்கறீங்க?" என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோலில் நிற்க யாருக்கும் ஆசையில்லை. ப்ரிட்டா தோளை நிமிர்த்திக்கொண்டு கையைத் தூக்கினாள்.